நன்றாக ஓடும் போனை ஏன் நிறுத்துகிறீர்கள்? கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கைபேசி தயாரித்து விற்கும் நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

போன மாதம் ஒரு காலையில் என் அம்மாவின் போனில் வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. "இந்தக் கருவியில் உள்ள மென்பொருள் பழையது. செயலி இனி இதில் இயங்காது" என்று இரண்டு வரி. அதற்குக் கீழே "சரி" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் செயலி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அம்மா அந்தச் "சரி"யை ஏழெட்டுத் தடவை அழுத்திப் பார்த்திருக்கிறார். அப்புறம் என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனாம்மா?" என்று கேட்டார்.

அம்மா எதையும் தப்பாக அழுத்தவில்லை. அந்தப் போனிலும் ஒரு கோளாறும் கிடையாது. பேசினால் தெளிவாகக் கேட்கிறது. படம் எடுத்தால் முகம் முகமாகத் தெரிகிறது. ஒரு தடவை கீழே விழுந்ததில் இடது மேல் மூலையில் சின்ன விரிசல், அதுவும் மேல் கண்ணாடியோடு சரி. பேட்டரி மட்டும் முன்பு போல் இல்லை, காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். நாலரை வருடமாக அம்மா அதைப் பூப்போல வைத்திருக்கிறார். போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பாதுகாப்பு அப்டேட், அதாவது மென்பொருளில் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கும் திருத்தம், அனுப்புவதை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அதனால் வங்கி அதை நம்புவதை நிறுத்திவிட்டது. நடந்தது இவ்வளவுதான்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் போனை சீல் பிரிக்காத பெட்டியில், புதுசாகத்தான் வாங்கினோம். ஆனால் அந்த மாடல் சந்தைக்கு வந்து அப்போதே இருபத்திரண்டு மாதம் ஆகியிருந்தது. பாதுகாப்பு அப்டேட் மூன்று வருடத்துக்கு என்று அறிவித்திருந்தீர்கள். அந்த மூன்று வருடத்தை எந்த நாளில் இருந்து எண்ணினீர்கள்? நாங்கள் காசு கொடுத்த நாளில் இருந்து அல்ல, மாடலை மேடையில் அறிமுகம் செய்த நாளில் இருந்து. அம்மாவின் கைக்கு வந்து பதினான்காம் மாதம் கடைசி அப்டேட் வந்து நின்றுபோயிருக்கிறது. பெட்டியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். கேமராவின் திறன் இருக்கிறது, பேட்டரியின் அளவு இருக்கிறது, நிறத்தின் பெயர்கூட இருக்கிறது. எந்தத் தேதி வரை இதற்கு அப்டேட் வரும் என்பது மட்டும் எங்கும் இல்லை. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறார்கள். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சேர்த்து வாங்குகிற பொருளுக்கு நீங்கள் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அப்டேட் நின்ற பிறகும் உங்களிடமிருந்து அந்தப் போனுக்கு வேறு செய்திகள் வந்துகொண்டே இருந்தன. "புது மாடல் வந்துவிட்டது, உங்கள் பழைய போனைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்" என்று. அறிவிப்புப் பட்டியலில் மேலே இருந்து கீழே வரை தள்ளிப் பார்த்தேன், ஒரே மாதத்தில் மூன்று. விளம்பரம் அனுப்ப அந்தப் போன் உங்களுக்குப் பழையதாகத் தெரியவில்லை. பாதுகாப்பு அனுப்பத்தான் பழையதாகிவிட்டது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவருடைய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் எடுத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "மேடம், இந்த மாடலுக்கு இனிமே அப்டேட் வராது. புதுசு வாங்கிடுறது நல்லது" என்றார். சரி, பேட்டரியாவது மாற்றித் தாருங்கள் என்றேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "அது ஸ்டாக் வர்றதே இல்ல மேடம்" என்றார். அப்புறம் எக்ஸ்சேஞ்ச் விலைத் தாள் ஒன்றை எங்கள் பக்கம் நகர்த்தினார். சரிசெய்யத்தான் அங்கே போனோம். விற்பதற்கு மட்டும்தான் அங்கே ஏற்பாடு இருந்தது.

கடைசியில் புதுப் போன் வாங்கினோம். வேறு வழி? அம்மாவின் ஓய்வூதியம் அந்தச் செயலியில்தான் தெரியும், மருந்துக்கடைக்குப் பணம் போவதும் அதில்தான். அந்தப் போன் உங்கள் விற்பனைக் கணக்கில் "அப்கிரேடு" என்று ஏறியிருக்கும். மக்கள் புதுசு கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம் என்று நீங்கள் சொல்லும்போது அந்தக் கூட்டத்தில் என் அம்மாவையும் சேர்த்துத்தான் எண்ணுகிறீர்கள். அம்மா புதுசு கேட்கவே இல்லை. கடையில் பணம் கட்டும்போதுகூட, "இதையே சரி பண்ண முடியாதான்னு இன்னொரு தடவை கேளேன்" என்றார்.

புதுப் போன் வந்த பிறகு வீட்டில் நடந்ததை நீங்கள் பார்க்க வேண்டும். அதன் வேகமும் கேமராவும் உங்களுக்குத் தெரியும். அது ஒருவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பது உங்கள் ஆய்வுக்கூடத்தில் தெரியாது.

அம்மா படித்துப் போனைக் கற்றுக்கொள்ளவில்லை, இடம் பார்த்துக் கற்றுக்கொண்டார். பழைய போனில் அந்த விரிசல்தான் அவருக்கு அடையாளம். விரிசலுக்கு நேர் கீழே இருக்கும் படத்தைத் தொட்டால் பேரன் பேசுவான். அதற்கும் கீழே வங்கி. அடியில் நடுவில் இருக்கும் வட்டத்தை அழுத்தினால் எங்கே இருந்தாலும் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம், தொலைந்துபோக மாட்டோம். இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் பேனாவால் கட்டம் போட்டு வரைந்து வைத்திருக்கிறார். "பச்சை வட்டம், பேச. அம்புக்குறி, அனுப்ப. சிவப்பு வந்தால் தொடாதே." ஆறேழு மாதம் ஆனது இந்த நோட்டு நிறைய. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு நாள் தடுமாறி, என்னை ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டு, எழுதிவைத்தது.

பழைய போனின் அடியில் அந்த வட்டத்தோடு சேர்த்து இருந்த மூன்று பொத்தான்களும் புதுப் போனில் இல்லை. விரலால் கீழே இருந்து மேலே தள்ள வேண்டும், ஓரத்தில் இருந்து உள்ளே இழுக்க வேண்டும். அமைப்புகளுக்குள் நாலு படி இறங்கித் தேடினால் பழைய பொத்தான்களை வரவழைக்கலாம் என்பது எனக்குத் தெரிந்தது, வரவழைத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? என்னைப் போல் கூட ஆள் இல்லாத எத்தனை பெரியவர்கள் அந்த முதல் பக்கத்திலேயே நின்றுபோயிருப்பார்கள்? படங்களின் நிறம் வேறு, வடிவம் வேறு, அடையாளத்துக்கு இருந்த விரிசலும் இல்லை. ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அம்மாவாக யாருக்கும் போன் செய்யவில்லை, வந்தால் எடுக்கிறார். நாலரை வருடமாகத் தினமும் சாயங்காலம் தன் அக்காவைத் தானே கூப்பிட்டுப் பேசியவர் அவர்.

வங்கிச் செயலியை மாற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். புதுப் போனில் அதை ஏற்றினால், "உங்கள் பழைய கருவியில் உள்ள செயலிக்குள் போய் ஒப்புதல் கொடுங்கள்" என்று கேட்டது. பழைய கருவியில் அந்தச் செயலி திறக்காததால்தானே இவ்வளவும்! கிளைக்கு நேரில் போய், அடையாள அட்டைகளைக் கொடுத்து, படிவம் நிரப்பி, கைரேகை சரியாக விழாமல் மூன்று தடவை துடைத்து வைத்து, மறுநாள் மறுபடி போய் முடித்தோம். அந்த இரண்டு நாளும் அம்மாவின் பணம் அம்மாவுக்கே எட்டாமல் இருந்தது. இது வங்கி செய்தது, நாங்கள் என்ன செய்வோம் என்று நீங்கள் சொல்லலாம். வங்கி பயந்தது நியாயம், ஓட்டை அடைக்கப்படாத மென்பொருளில் பணத்தை வைக்க யாரும் பயப்படத்தான் செய்வார்கள். அந்த ஓட்டையை அடைக்க முடிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

போன் என்பது ஆடம்பரப் பொருள், வாங்குவதும் விடுவதும் அவரவர் இஷ்டம் என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று மார்ட்டின் கூப்பர் முதல் கைபேசி அழைப்பைச் செய்தார். பத்து வருடம் கழித்து 1983-இல் அந்த வகைக் கருவி விற்பனைக்கு வந்தபோது, பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம். அதை வைத்திருந்தவர்கள் வசதிக்காக வைத்திருந்தார்கள், இல்லாதவர்களுக்கு வாழ்க்கை ஓடியது. இன்று அப்படியா? என் தம்பி செயலி வழியாக வரும் சவாரிகளை நம்பி வண்டி ஓட்டுகிறான். ஒரு நாள் அந்தச் செயலி புதுப் பதிப்பு கேட்டது, அவன் போனில் அது ஏறவில்லை. வண்டி இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது. வேலை மட்டும் இல்லை. மூன்று நாள் வண்டியைத் துடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் தவணையில் புதுப் போன் எடுத்தான். அந்தத் தவணை இன்னும் முடியவில்லை.

2020-இல் பள்ளிக்கூடங்களை மூடி, பாடமெல்லாம் போனுக்குள் போனபோது, அக்கா வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே போன். பெரியவளுக்குத் தேர்வு என்றால் சின்னவனுக்கு அன்று வகுப்பு கிடையாது. அவர்கள் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை இது. உலகம் முழுக்கப் பல வீடுகளில் ஒரு போனைச் சுற்றி வரிசை நின்றது. அதற்கப்புறமும் போன் வைத்திருப்பதை இஷ்டம் என்று எப்படிச் சொல்வது? அடையாளத்தைக் காட்ட அதில் ஓ.டி.பி. வர வேண்டும். வேலைக்கு மனுப் போட, மருத்துவரிடம் நேரம் வாங்க, அரசாங்கம் கொடுக்கும் பணத்தை எடுக்க, எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான். வாசலை நீங்கள் செய்கிறீர்கள். அதை எத்தனை வருடம் திறந்து வைப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். எங்களைக் கேட்பதே இல்லை.

புதுப் போன் மீது மனிதர்களுக்கு இருக்கும் ஆசையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், மதியம் எல்லோரும் போனை மேசை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடும்போது நான் மட்டும் என் போனைப் பைக்குள்ளேயே வைத்திருப்பேன். வெளியே எடுக்கக் கூச்சம். முதல் நல்ல போனை வாங்கிய அன்று அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அக்கா மகனுக்கு இப்போது பதினேழு வயது, அவன் முகத்தில் அதே கூச்சத்தைப் பார்க்கிறேன். நண்பர்கள் எடுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, "என் போன்ல எடுத்தா மங்கலா வருது" என்று சொல்லி எப்போதும் படம் எடுக்கும் பக்கத்தில் நிற்காமல், எடுக்கப்படும் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறான். அவன் சேர்த்து வைத்து ஒரு நல்ல போன் வாங்கினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆசைப்பட்டு வாங்குகிறவருக்கு விற்றுக்கொள்ளுங்கள், தாராளமாக. அந்த ஆசைக்கும் என் அம்மாவுக்கு நேர்ந்ததற்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று இருக்கிறது. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 போன்களுக்கு ஏழு வருடம் அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ் 24 வரிசைக்கு அதே ஏழு வருடத்தைக் கொடுத்தது. அதுவரை இது நடக்காத காரியம், சிப் செய்பவர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். மனம் வைத்தபோது நடந்துவிட்டது.

ஆனால் இந்த ஏழு வருடம் முதலில் யாருக்குப் போனது என்று பாருங்கள். மிக விலை உயர்ந்த மாடல்களுக்கு. அதை வாங்குகிறவர்களில் பலர் இரண்டு மூன்று வருடத்தில் தாங்களாகவே அடுத்ததற்குப் போய்விடக்கூடியவர்கள். ஒரு போனை வாங்கி ஏழு வருடம் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர், அடிமட்ட விலையில் வாங்குகிறவர். அவருக்கு இரண்டு வருடம், மூன்று வருடம், நாலு வருடம். இப்போது நடுத்தர, மலிவு மாடல்கள் சிலவற்றுக்கும் ஆறு வருடம் வரை வாக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள், அதை மனதார வரவேற்கிறேன். எல்லாவற்றுக்கும் கொடுங்கள். குறைந்த விலை கொடுத்தவரின் வங்கிக் கணக்கில் இருக்கும் பணமும் பணம்தான், சொல்லப்போனால் அது திருடு போனால் அவரால்தான் தாங்க முடியாது.

பேட்டரிக்கு வருகிறேன். லித்தியம் அயனி பேட்டரி தேயும் பொருள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சில நூறு தடவை சார்ஜை முழுதாக ஏற்றி இறக்கினால் அதன் கொள்ளளவு குறையத்தான் செய்யும், சூட்டில் இன்னும் சீக்கிரம் குறையும். தேயும் என்று தெரிந்த ஒரு பாகத்தைப் பசை போட்டு ஒட்டி உள்ளே மூடுவது என்ன வடிவமைப்பு? நோக்கியா 1100 வைத்திருந்த காலத்தில் பின்மூடியை விரலால் அழுத்தித் தள்ளி, பேட்டரியைக் கழற்றி, துடைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். பத்து வயதுப் பிள்ளையும் செய்யும் வேலை. இப்போது என் போனைத் திறக்கப் பின்பக்கத்தைச் சூடாக்கி, மெல்லிய தகட்டைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்த பழுது பார்ப்பவர் ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரியை இழுக்கும்போது அது வளைந்தது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே, நெற்றி வியர்வையைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்று சொல்கிறீர்கள். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 5-ஐ நினைத்துப் பாருங்கள். அதன் பின்மூடி கையாலேயே கழன்றுவரும், பேட்டரியை மாற்றலாம், தண்ணீரையும் தாங்கும். செய்து காட்டிய பிறகு ஏன் கைவிட்டீர்கள்?

பேட்டரி தேய்ந்ததும், எங்களிடம் சொல்லாமலே போனின் வேகத்தைக் குறைத்த வரலாறும் உங்கள் துறையில் இருக்கிறது. 2017 டிசம்பரில் ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் செய்தோம் என்பது அவர்களின் விளக்கம், அதில் தொழில்நுட்ப உண்மையும் உண்டு. ஆனால் வாங்கியவரிடம் சொல்லவில்லையே. பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது அந்தச் சொல்லாமல் விட்டதற்குத்தான். "பேட்டரி மாற்றினால் போதும்" என்று தெரியாமல், "போன் பழசாகிவிட்டது" என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்கள் எத்தனை பேரோ. அம்மா "நான் தப்பா அழுத்திட்டேனா" என்று கேட்டதை இங்கே மறுபடி நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் எதையும் சொல்லாதபோது மனிதர்கள் பழியைத் தங்கள் மேல்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

அதேபோலத்தான் பாகங்களைப் பூட்டி வைப்பதும். தம்பியின் போனில் டிஸ்ப்ளே உடைந்தபோது, அதே மாடல் போன் ஒன்றில் இருந்து கழற்றிய அசல் டிஸ்ப்ளேயைப் போட்டார்கள். நீங்கள் செய்ததுதான், உங்கள் தொழிற்சாலையில் இருந்து வந்ததுதான். ஆனாலும் போன் அதை ஏற்கவில்லை. "அறியாத பாகம்" என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது, கைரேகைப் பூட்டு வேலை செய்யவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் அந்த ஒரு போனோடு மட்டும் மென்பொருளால் பிணைத்து வைத்தால், கெட்டுப்போன இரண்டு போன்களில் இருந்து ஒரு நல்ல போனை உருவாக்கும் பழுதுக் கடைக்காரர் என்ன செய்வார்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இந்தப் பழக்கத்துக்கு எதிராகச் சட்டமே போட்டுவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் விதிகளை நீங்கள் ஏற்கனவே பின்பற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மாடலின் கடைசிப் போன் சந்தைக்கு அனுப்பப்பட்ட நாளில் இருந்து குறைந்தது ஐந்து வருடம் இயங்குதளத்துக்கு, அதாவது போனை ஓட்டும் அடிப்படை மென்பொருளுக்கு, அப்டேட். முக்கியமான உதிரிபாகங்கள், விற்பனை நின்ற பிறகு ஏழு வருடம். 800 தடவை ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவு. கவனியுங்கள், அங்கே கணக்கு தொடங்குவது அறிமுக நாளில் இருந்து இல்லை, கடைசிப் போன் வெளியே போன நாளில் இருந்து. அம்மாவின் போனுக்கு இந்தக் கணக்கு இருந்திருந்தால் இன்றைக்கு அவர் அந்த நோட்டைப் பார்த்து, விரிசலுக்குக் கீழே தொட்டு, தன் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு கண்டத்தில் சட்டம் கேட்டதால் செய்கிறீர்கள். மற்ற இடங்களில் கேட்க ஆள் இல்லை என்பதால் செய்யாமல் இருப்பது உங்கள் பெயருக்கு அழகில்லை.

குப்பையைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை, உங்கள் அறிக்கைகளிலேயே எல்லாம் இருக்கிறது. ஒரு போனின் ஆயுளில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது, நாங்கள் சார்ஜ் போடுவதில் இல்லை. எல்லா வகை மின்னணுக் கழிவும் சேர்த்து 2022-இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் நாலு பழைய போன்கள் கிடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலையும் சார்ஜில் போட்டுப் பார்த்தேன். மூன்று எழுந்து உட்கார்ந்தன. ஒன்றில் அக்கா மகன் தவழும் படங்கள் இருந்தன. அவற்றை எறியவும் மனம் வரவில்லை, பயன்படுத்தவும் வழியில்லை.

"இதெல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்று பதில் வரும் என்று தெரியும். பாதுகாப்பு எனக்கும் வேண்டும். போலி அழைப்பில் ஏமாந்து சேமிப்பை இழந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பாதுகாப்புதான் நோக்கம் என்றால் பாதுகாப்பை அனுப்புங்கள். அம்மாவுக்குப் புது வசதிகள் வேண்டாம், புது நிறங்கள் வேண்டாம், படத்தில் பின்னால் நிற்கும் ஆளை அழிக்கும் வித்தை வேண்டாம். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையை அடைக்கும் அந்தச் சின்னத் திருத்தம் மட்டும் போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்.

இனி விற்கும் ஒவ்வொரு போனின் பெட்டியிலும், விலைக்குப் பக்கத்தில், எந்த மாதம் எந்த வருடம் வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அச்சடியுங்கள். "மூன்று வருடம்" என்று போட வேண்டாம், தேதி போடுங்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும். கடையில் பழைய இருப்பாகத் தேங்கிய மாடலுக்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

விலை எதுவானாலும் எல்லா மாடலுக்கும் குறைந்தது ஏழு வருடம் பாதுகாப்பு அப்டேட் கொடுங்கள். அதைக் கடைசிப் போன் விற்பனைக்கு அனுப்பிய நாளில் இருந்து எண்ணுங்கள்.

பேட்டரியைச் சாதாரணத் திருகாணி கழற்றியால் மாற்றும்படி செய்யுங்கள். அதுவரை, அப்டேட் கொடுக்கும் காலம் முழுவதும் ஒவ்வொரு மாடலுக்கும் அசல் பேட்டரியையும் டிஸ்ப்ளேயையும் உங்கள் சர்வீஸ் சென்டரில் இருப்பு வையுங்கள், வெளியில் பழுது பார்ப்பவர்களுக்கும் விற்பனை செய்யுங்கள். அசல் பாகத்தை அசல் போன் மறுக்கும்படி வைத்திருக்கும் மென்பொருள் பூட்டை எடுத்துவிடுங்கள்.

அப்டேட் நிற்கப்போகிறது என்றால் ஒரு வருடம் முன்பே, போனில் தெளிவாக, அவரவர் மொழியில் சொல்லுங்கள். அப்டேட் நிறுத்திய போனுக்கு விளம்பரம் அனுப்புவதை அன்றோடு நிறுத்துங்கள்.

புதுப் போனை முதல் தடவை இயக்கும்போதே, "பழைய பொத்தான்கள் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பழைய போனில் எந்தப் படம் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் புதுசிலும் வைத்துக் கொடுங்கள், உங்கள் போன், இன்னொருவர் போன் என்று பார்க்காமல். உங்களுக்குள் பேசி ஒரு பொது முறை வகுத்தால் முடியாதது இல்லை.

கடைசியாக ஒன்று. அம்மா அந்தப் பழைய போனை இன்னும் எறியவில்லை. தினமும் காலையில் சார்ஜ் போட்டு, துடைத்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். அந்த மாடலும், அதைப் போல் நீங்கள் கைவிட்ட மாடல்களும் இன்னும் ஏராளமான கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தெந்த மாடல் எத்தனை இன்னும் இயங்குகிறது என்பது உங்கள் கணினிகளுக்குத் தெரியும். அவற்றுக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் தயாரித்து இந்த வருடத்துக்குள் அனுப்புங்கள். எப்போது அனுப்புவீர்கள் என்ற தேதியை எல்லோரும் பார்க்கும்படி அறிவியுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் போனை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த மகள்